ட்ரையல்ஸ் மோட்டார் சைக்கிளின் அடிப்பகுதிப் பாதுகாப்பு: புல்லட் ட்ரையல்ஸ், ஹிமாலயன் குறித்த ஒரு மதிப்பீடு

ட்ரையல்ஸ் மோட்டார் சைக்கிளின் அடிப்பகுதிப் பாதுகாப்பு என்பது, பாறை, மரத்துண்டு, படிக்கட்டு போன்ற தடைகளின் மீது வண்டியை ஏற்றி இறக்கும்போது என்ஜினின் அடிப்புறமும் பின்சக்கர ஷாக் அப்சார்பரை இயக்கும் லிங்கேஜும் அடிபடாமல் காக்கும் அமைப்பைக் குறிக்கும். இதில் முதன்மையானது என்ஜினுக்கு அடியில் பொருத்தப்படும் காப்புத் தகடு. பேச்சு வழக்கில் இது சம்ப் கார்டு, பாஷ் பிளேட், ஸ்கிட் பிளேட் எனப் பல பெயர்களால் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் தயாரான ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் 'ட்ரையல்ஸ்' என்ற பெயரையே தாங்கி வந்த புல்லட் ட்ரையல்ஸ், லிங்கேஜ் கொண்ட ஹிமாலயன் ஆகிய இரண்டும் இந்தப் பாதுகாப்பை எந்த அளவுக்குத் தருகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. திருவள்ளூர் மாவட்டம் ஆரணி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் பட்டறைகளில் செய்து மாட்டப்படும் தகடுகளையும் அதே அளவுகோலால் பார்க்கிறது.

ட்ரையல்ஸ் போட்டி

ட்ரையல்ஸ் வேகப் போட்டி அன்று. பாறை, சேறு, ஓடை, செங்குத்து மேடு ஆகியவை அடங்கிய சிறு பகுதிகளைக் கால் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரு முறைக்கு 2, அதற்கு மேல் 3, பகுதியைக் கடக்க முடியாமல் போனால் 5 எனத் தண்டப் புள்ளிகள் சேரும். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றி பெற்றவர். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல்ஸ் 1909இல் தொடங்கியது. உலகச் சாம்பியன் போட்டி 1975 முதல் நடைபெறுகிறது.

இப்போட்டிக்கான இன்றைய வண்டியின் எடை ஏறத்தாழ 65 முதல் 75 கிலோ. ஓட்டுநர் நின்றபடியே ஓட்டுவதால் இருக்கை என்று சொல்லத்தக்க ஒன்று இருப்பதில்லை. தன் உயரத்தைவிட உயர்ந்த பாறையின் விளிம்பில் முன்சக்கரத்தை வைத்து, வயிற்றுப் பகுதியைப் பாறையில் உரசவிட்டு, பின்சக்கரத்தை மேலே இழுப்பது இங்கு அன்றாட உத்தி. அதாவது அடிப்பகுதி மோதுவது விபத்தன்று. ஓட்டும் முறையிலேயே அடங்கியது. ஆகவே காப்புத் தகடு இந்த வண்டிக்கு அலங்காரமோ கூடுதல் வசதியோ ஆகாது. சக்கரம், பிரேக் போல அதுவும் ஓர் அடிப்படை உறுப்பு.

அடி விழும் இடங்கள்

என்ஜினின் கீழ்ப்பாதியான கிராங்க்கேஸ் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. வார்ப்பு உலோகம் அடிபட்டால் நசுங்குவதைவிட விரிசல் விடுவதே அதிகம். பானை விழுந்தால் உடைகிறது. எவர்சில்வர் குடம் விழுந்தால் ஒடுங்குகிறது. கிராங்க்கேஸ் இந்த வகையில் பானைக்கு நெருக்கமானது. விரிசல் வழியே ஆயில் வடிந்துவிட்டால் சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

ஆயில் வடிக்கும் போல்ட்டு, கியர் லிவரின் அச்சு, மேக்னெட்டோ மூடி, கிளட்ச் மூடி ஆகியவை அடுத்து அடிபடுபவை. அதற்குப் பின்னால், என்ஜின் முடிந்து பின்சக்கரம் தொடங்கும் இடைவெளியில் லிங்கேஜ் இருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் உதவும் லெக் கார்டைப் பலர் இதற்கும் காப்பாக நினைப்பதுண்டு. பக்கவாட்டில் விழும்போது மட்டுமே அது பயன்படும். கீழிருந்து வரும் கல்லை அது தடுக்காது.

மோதலின் கணக்கு

பள்ளி இயற்பியலைக் கொண்டே காப்புத் தகட்டின் வேலையை விளக்கலாம். 70 கிலோ வண்டி 30 செ.மீ. உயரத்திலிருந்து அடிவயிறு கல்லில் படும்படி விழுவதாகக் கொள்வோம். அப்போது அதன் ஆற்றல் 70 × 9.8 × 0.3, அதாவது சுமார் 206 ஜூல். இந்த ஆற்றல் முழுவதும் 2 மி.மீ. தூரத்துக்குள் அடங்க வேண்டுமானால் சராசரி விசை 1,03,000 நியூட்டன், ஏறத்தாழ பத்தரை டன் எடைக்குச் சமம். அதே ஆற்றல் 10 மி.மீ. தூரத்தில் அடங்கினால் விசை 20,600 நியூட்டனாக, அதாவது ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. டயர், ஷாக், ஓட்டுநரின் மடங்கிய முழங்கால் ஆகியவை ஒரு பகுதியை வாங்கிக்கொள்வதால் உண்மையான விசை இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒப்பீடு மட்டும் மாறாது.

இதிலிருந்து பெறப்படும் விதி எளியது. தகடு கெட்டியாக இருப்பது மட்டும் போதாது. தகட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே அது வளைய இடம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியே விசையைக் குறைக்கிறது. இடைவெளியின்றி என்ஜினோடு ஒட்டிய தகடு, எவ்வளவு தடிமனாக இருந்தாலும், கல்லின் அடியை அப்படியே கிராங்க்கேஸுக்குக் கடத்திவிடும். நவீன ட்ரையல்ஸ் வண்டிகள் பலவற்றில் என்ஜினுக்கு அடியில் சேசிஸ் குழாயே கிடையாது. அலுமினியத் தகடே அந்த இடத்தை நிரப்புகிறது. அதற்கும் என்ஜினுக்கும் நடுவில் கெட்டியான ரப்பர் அல்லது நுரைத் துண்டு வைக்கப்படுகிறது. இக்கணக்கின் நடைமுறை வடிவம் அதுவே.

எடையும் கணக்கில் சேரும். அதே 30 செ.மீ. உயரத்திலிருந்து 190 கிலோ வண்டி விழுந்தால் ஆற்றல் 559 ஜூல். இதை அதே 20,600 நியூட்டன் விசைக்குள் அடக்க 27 மி.மீ. இடைவெளி தேவைப்படும். கனமான வண்டிக்குத் தகடு கூடுதலாக வேண்டுமே தவிர, குறைவாக அன்று.

தகட்டின் இலக்கணம்

இரும்பு, அலுமினியக் கலவை, அடர்த்தி மிக்க பாலித்தீன் ஆகிய மூன்றும் தகடு செய்யப் பயன்படுகின்றன. 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள தகட்டை எடுத்துக்கொண்டால், 3 மி.மீ. இரும்பு சுமார் 2.8 கிலோ, 4 மி.மீ. அலுமினியம் சுமார் 1.3 கிலோ, 8 மி.மீ. பாலித்தீன் சுமார் 0.9 கிலோ எடையிருக்கும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 3 மி.மீ. அலுமினியத்தை 4 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு சுமார் 2.4 மடங்காகிறது. எனவே 4 மி.மீ. அலுமினியம், பாதிக்கும் குறைவான எடையில், 3 மி.மீ. இரும்பின் விறைப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தந்துவிடுகிறது. ட்ரையல்ஸ் வண்டிகளில் அலுமினியம் நிலைத்ததற்கு இதுவே காரணம். பாலித்தீன் கல்லின் மேல் நன்றாக வழுக்கும், சத்தமும் குறைவு. ஆனால் அதிகம் வளைவதால் அதற்கு இடைவெளி கூடுதலாக விட வேண்டும்.

நல்ல தகட்டுக்கு வேறு சில குணங்களும் வேண்டும். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்து, கல்லை முட்டாமல் அதன் மேல் சறுக்கி ஏற வேண்டும். வெளிப்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். போல்ட்டுத் தலைகள் தகட்டுக்குள் பதிந்திருக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருந்தால் கல்லில் தேய்ந்து, பிறகு ஸ்பானர் பிடிக்காது. ஆயில் வடிக்கவும் சேறு கழியவும் துளைகள் தேவை. சேறு உறைந்து என்ஜினைப் போர்த்திக்கொண்டால் சூடு வெளியேறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தகட்டின் பிடிமானம் இயன்றவரை சேசிஸில் இருக்க வேண்டும், என்ஜின் உடலில் இருக்கக் கூடாது.

லிங்கேஜ்

பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் ஒற்றை ஷாக்குக்கும் இடையில் சிறு நெம்புகோல்களால் ஆன இணைப்பே லிங்கேஜ். சக்கரம் சிறிது எழும்போது மென்மையாகவும், அதிகம் எழும்போது கடினமாகவும் ஷாக்கை அழுத்த இது உதவுகிறது. கவாசாகியின் யூனி-ட்ராக், ஹோண்டாவின் ப்ரோ-லிங்க், சுசூகியின் ஃபுல் ஃப்ளோட்டர் ஆகியவை 1980ஆம் ஆண்டையொட்டி இம்முறையைப் பரப்பின.

வசதியோடு ஒரு சிக்கலும் வந்தது. பல அமைப்புகளில் லிங்கேஜ் ஸ்விங் ஆர்முக்குக் கீழே தொங்குகிறது. வண்டி பாறை விளிம்பில் ஏறும்போது முதலில் முன்சக்கரம் தாண்டுகிறது. பிறகு தகடு உரசிக் கடக்கிறது. தகடு முடிந்த இடத்தில் லிங்கேஜ் கொக்கிபோல் விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. அதே நேரத்தில் பின்சக்கரம் அழுந்துவதால் நெம்புகோல்கள் மேலும் கீழிறங்குகின்றன. அடி பலமானால் நெம்புகோல் வளையும், அச்சுப் போல்ட்டு கோணும், ஊசி பேரிங் இறுகும். இவ்வகைப் பழுது உடனே கண்ணில் படாது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் விறைத்து, வளைவில் தடுமாறும்போதுதான் தெரியும். இந்த விதத்தில் ஆயில் ஒழுக்கைவிட இது ஆபத்தானது.

இதற்குத் தீர்வுகள் மூன்று. தகட்டைப் பின்னோக்கி நீட்டி லிங்கேஜையும் மறைப்பது ஒன்று. லிங்கேஜிலேயே சிறு காப்பு மாட்டுவது இரண்டாவது. லிங்கேஜே இல்லாமல் ஷாக்கை நேராக ஸ்விங் ஆர்மில் பொருத்துவது மூன்றாவது. கேடிஎம் நிறுவனம் தன் எண்டூரோ வண்டிகளில் 1998 முதல் மூன்றாவது வழியைக் கையாண்டு வருகிறது. ஆனால் சமதளமல்லாத பந்தயத் தடத்தில் ஓடும் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு 2011ஆம் ஆண்டு மாடலில் லிங்கேஜுக்கு மாறியது. எந்த நிலத்துக்கு எது பொருந்தும் என்பதை இந்த இரட்டை முடிவு காட்டுகிறது.

புல்லட்: பெயரும் பொருளும்

புல்லட்டுக்கும் ட்ரையல்ஸுக்கும் உள்ள உறவு இட்டுக்கட்டியதன்று. 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை ட்ரையல்ஸில் ராயல் என்ஃபீல்டு 350 சி.சி. புல்லட்டின் முன்மாதிரிகளை இறக்கியது. பின்பக்கம் ஷாக்கே இல்லாத வண்டிகள்தாம் ட்ரையல்ஸுக்கு ஏற்றவை எனக் கருதப்பட்ட காலம் அது. ஸ்விங் ஆர்மும் இரட்டை ஷாக்கும் கொண்ட புல்லட் அந்த எண்ணத்தை மாற்றியது. ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் புல்லட்டில் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையல்ஸை வென்றார். இடையில், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, புல்லட் திருவொற்றியூருக்கு வந்தது.

இந்த வரலாற்றை நினைவூட்டும் வகையில் 2019 மார்ச்சில் புல்லட் ட்ரையல்ஸ் 350, 500 என இரு வண்டிகள் இந்தியாவில் வெளியாயின. தில்லி காட்சியக விலை முறையே 1.62 லட்சம், 2.07 லட்சம் ரூபாய். ஒற்றை இருக்கை, பின்னால் சுமைத் தாங்கி, மேல்நோக்கிய சைலன்சர், கட்டை வைத்த டயர்கள், 350க்குச் சிவப்புச் சேசிஸ், 500க்குப் பச்சைச் சேசிஸ் ஆகியவை இவற்றின் அடையாளங்கள்.

தோற்றத்தில் பழைய போட்டி வண்டியை இவை நன்றாகவே நினைவூட்டின. அடிப்பகுதியைப் பார்த்தால் நிலை வேறு. புல்லட்டின் சேசிஸில் முன்பக்கம் ஒற்றைக் குழாய் இறங்கி என்ஜினோடு முடிகிறது. என்ஜினுக்கு அடியில் குழாய் இல்லை. என்ஜினே சேசிஸின் ஒரு பகுதியாகச் சுமை தாங்குகிறது. ஆயிலும் என்ஜினுக்கு உள்ளேயே இருக்கிறது. எனவே கீழிருந்து வரும் கல் முதலில் தொடுவது ஆயில் நிறைந்த கிராங்க்கேஸைத்தான். இப்படிப்பட்ட அமைப்புக்குக் காப்புத் தகடு முதல் தேவை. ஆனால் சம்ப் கார்டு வண்டியோடு வராமல், தனியாக வாங்கும் துணைக்கருவியாகவே தரப்பட்டது. சைலன்சரை உயர்த்திய வடிவமைப்பு, அதைவிட விலை மதிப்புள்ள உறுப்பைத் திறந்தே விட்டது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. இது போட்டிக்கான வண்டி அன்று, பழம்பெருமைக்கு ஒரு வணக்கம் என்ற அளவிலேயே அது முன்வைக்கப்பட்டது. 190 கிலோவை ஒட்டிய வண்டியைப் பாறையில் ஏற்ற யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்றும் சொல்லலாம். இரட்டை ஷாக் என்பதால் அடிபட லிங்கேஜே இல்லை என்பது உண்மையான நிறை. ஆயினும் 'ட்ரையல்ஸ்' என்ற பெயரைக் கேட்டு மண்சாலையிலும் ஆற்றுப்படுகையிலும் இறக்கிய இளைஞருக்கு அப்பெயர் ஒரு நம்பிக்கையைத் தருகிறது. அந்த நம்பிக்கைக்கு ஈடான ஒரு தகட்டை வண்டியோடு சேர்த்தே தந்திருக்க வேண்டும் என்பதே இங்கு வைக்கப்படும் குறை.

ஹிமாலயன்

2016இல் வந்த 411 சி.சி. ஹிமாலயன், பெயரில் ட்ரையல்ஸ் இல்லாவிட்டாலும், இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொன்ன வண்டி. லிங்கேஜுடன் கூடிய ஒற்றை ஷாக், பின்சக்கரத்துக்கு 180 மி.மீ. அசைவு, 220 மி.மீ. தரை இடைவெளி ஆகியவற்றோடு என்ஜின் அடித்தகடும் வண்டியோடேயே வந்தது. 2023 நவம்பரில் வெளியான 452 சி.சி. ஹிமாலயன் தரை இடைவெளியை 230 மி.மீ. ஆகவும் பின்சக்கர அசைவை 200 மி.மீ. ஆகவும் உயர்த்தியது. தரை இடைவெளி அதிகரித்தால் மோதல்களின் எண்ணிக்கை குறையும். மோதும்போது விழும் அடி குறைவதில்லை. அதனால் உயரமான வண்டிக்கும் தகடு தேவையே.

ஹிமாலயனில் சொல்லத்தக்க குறை ஒன்று. காப்பு என்ஜினோடு நின்றுவிடுகிறது; லிங்கேஜுக்கெனத் தனிக் காப்பு இல்லை. மலைச்சாலைப் பயணத்துக்கு இது பெரிய குறையாகாது. பாறை விளிம்புகளில் ஏற்ற நினைப்பவர், மேலே சொன்ன கொக்கிச் சிக்கலை மனத்தில் கொள்ள வேண்டும்.

போட்டிக் களத்தின் அனுபவம் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதும் அன்று. ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம், ட்ரையல்ஸ் வண்டிகளில் தொடங்கிய பிரான்சின் ஷெர்கோவுடன் இணைந்து 2015 முதல் டக்கார் ராலியில் பங்கேற்றது. நீண்டதூர ராலி வண்டிகள் பலவற்றில் அடித்தகடு ஆழமான தொட்டிபோல் அமைந்து, ஓட்டுநரின் அவசரக் குடிநீரையும் சுமப்பதுண்டு. காப்பை முதலிலேயே திட்டமிட்டால் அது வேறு வேலைகளையும் செய்யும் என்பதற்கு இது சான்று.

ஆரணி, கும்மிடிப்பூண்டி வட்டாரம்

இங்கே குறிக்கப்படும் ஆரணி, பட்டுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அன்று. ஆரணியாற்றங்கரையில் பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள ஊர். மேற்கே ஊத்துக்கோட்டையைத் தாண்டி நாகலாபுரம் மலைகள். வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். தெற்கே, ஒரு காலத்தில் மோட்டார் பந்தயங்களுக்குப் புகழ்பெற்றிருந்த சோழவரம் விமான ஓடுதளம். மலைக்கற்களையும் ஆற்று மணலையும் லாரிகள் ஓடும் சாலைகளையும் ஒரே வண்டியில் கடக்கும் வட்டாரம் இது. வேலைக்குப் போகும் வண்டியும் விடுமுறையில் மலைக்குப் போகும் வண்டியும் பலருக்கு ஒன்றுதான். கிராங்க்கேஸ் உடைந்தால் பழுதுச் செலவோடு ஷிப்டுக்குப் போகும் வழியும் அடைபடும்.

உருக்காலைகளும் உருட்டாலைகளும் உள்ள இப்பகுதியில் தகடு கிடைப்பதும், அதை வளைத்து வெல்டிங் செய்யும் பட்டறை கிடைப்பதும் அரிதன்று. அளவெடுத்துச் செய்யும் தகடு, கடையில் விற்கும் மெல்லிய தகட்டைவிட நன்றாகவே அமையலாம். ஆயினும் இத்தகைய பட்டறைத் தகடுகளில் நேரக்கூடிய பிழைகள் நான்கு.

முதலாவது, இடைவெளி விடாமல் என்ஜினோடு ஒட்டிப் பொருத்துவது. இரண்டாவது, கைக்கு எளிதாகக் கிடைக்கும் என்ஜின் போல்ட்டிலேயே தகட்டின் முழுப் பாரத்தையும் மாட்டுவது. இதனால் அடி விழும்போது போல்ட்டு பிடித்திருக்கும் வார்ப்புக் காதே உடையக்கூடும். முன்பக்கக் குழாயில் கவ்வியும், பின்பக்கம் கால்மிதி, நடு ஸ்டாண்டு ஆகியவற்றின் தாங்கிகளிலும் பிடிமானம் அமைப்பது நல்லது. மூன்றாவது, செக்கர் பிளேட்டைப் புடைப்பு வெளியே தெரியும்படி மாட்டுவது. அழகாக இருக்கும்; ஆனால் அந்தப் புடைப்புகள் கல்லைப் பற்றிக்கொண்டு சறுக்கலைத் தடுக்கும். வழவழப்பான பக்கமே வெளியே இருக்க வேண்டும். நான்காவது, ஆயில் வடிக்கும் துளை விடாதது. ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், ஒரு நாள் அது கழற்றியபடியே கிடந்துவிடும்.

தொகுப்பு மதிப்பீடு

மூன்று கேள்விகளைக் கேட்டு எந்த வண்டியின் அடிப்பாதுகாப்பையும் சோதிக்கலாம். தகடு வண்டியோடு வருகிறதா? அது வளைய இடம் இருக்கிறதா, பிடிமானம் எங்கே இருக்கிறது? தகடு முடிந்த இடத்துக்குப் பின்னால் என்ன தொங்குகிறது?

முதல் கேள்வியில் புல்லட் ட்ரையல்ஸ் தவறுகிறது, ஹிமாலயன் தேறுகிறது. மூன்றாவதில் இரட்டை ஷாக் கொண்ட புல்லட் தேறுகிறது. ஹிமாலயனுக்குக் கவனம் தேவைப்படுகிறது. இரண்டாவது கேள்விக்கான விடை, வாங்குபவர் குனிந்து வண்டியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். தகட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே விரல் நுழையாவிட்டால் அந்தத் தகட்டை நம்பிக் கல்லில் ஏற்ற வேண்டியதில்லை.

அடிபட்ட பிறகு செய்ய வேண்டியதும் இதோடு சேர்த்துச் சொல்லத்தக்கது. பலமான மோதலுக்குப் பின் வண்டியை உடனே அணைத்து, அடியில் ஆயில் சொட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். சொட்டினால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வருவதே என்ஜினைக் காக்கும். லிங்கேஜ் உள்ள வண்டியானால், நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். தடையோ ஆட்டமோ தெரிந்தால், அச்சுப் போல்ட்டையும் பேரிங்கையும் கழற்றிப் பார்த்த பிறகே மீண்டும் ஓட்ட வேண்டும்.